ஆடவர் ஆட்டமும் பாட்டுத் தேர்வும்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் நம் தமிழ்த்துறைக்குள் ஒரு பென் டிரைவ் கைமாறிச் சுற்றத் தொடங்கிவிடும். இறுதியாண்டு மாணவர்களுக்கு இளையவர்கள் அளிக்கும் பிரிவுபசார விருந்துக்கான காலம் அது. உணவுக்குப் பின் பேச்சு, பேச்சுக்குப் பின் ஆட்டம் என்பது எழுதப்படாத வரிசை. மாணவியர் ஆட்டத்துக்கான பாட்டு பொங்கல் விடுமுறைக்கு முன்பே முடிவாகி, ஒத்திகையும் நடந்துகொண்டிருக்கும். மாணவர்களுடையதோ விருந்துக்கு இரண்டு நாள் முன்னர், நள்ளிரவில், விடுதி அறையொன்றில் பொறுக்கப்படும். பதினொரு திரைப்பாடல்களிலிருந்து அரை நிமிடம் அரை நிமிடமாக வெட்டி ஒட்டி, மறுநாள் காலை, "ஐயா, இதுதான் எங்க மிக்ஸ், ஒருதடவ கேட்டுட்டுக் கையெழுத்துப் போட்டுருங்க" என்று நீட்டுவார்கள். கலைநிகழ்ச்சிப் பொறுப்பாசிரியர் என்ற முறையில் நாமும் கேட்போம். ஆபாசச் சொல் இல்லையென்றால் கையெழுத்திடுவோம்.

ஆபாசச் சொல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்திடுவது பொறுப்பாகாது என்பதே நாம் இங்கே சொல்ல விரும்புவது. பாட்டைத் தேர்பவர் பாட்டை மட்டும் தேர்வதில்லை. ஆடுபவனை அவை எந்தக் கண்கொண்டு காணவேண்டும் என்பதையும் சேர்த்தே தேர்ந்துவிடுகிறார். ஆடுபவன் ஆணாக இருக்கும்போது இது இன்னும் கூர்மையாகிறது. பெண் ஆடினால் 'ஆடுகிறாள்' என்று பார்க்கப் பழகிய நம் அவைகள், ஆண் ஆடினால் 'எதற்காக ஆடுகிறான்?' என்று கேட்கின்றன. அந்தக் கேள்விக்கு முதலில் விடைசொல்வது பாட்டுதான்.

இதை நாம் நூலிலிருந்து கற்கவில்லை. நம் பிழையிலிருந்து கற்றோம். சில ஆண்டுகளுக்கு முன் இப்படியோர் விருந்தில் ஆறு மாணவர்கள் ஆட வந்தார்கள். அவர்களுள் ஒருவன் தென்மாவட்டக் கிராமத்தான். அவன் தாத்தா ஒயிலாட்ட வாத்தியார். முதலாண்டு மாணவனாகிய அவனுக்குத்தான் அந்த அறுவரில் உண்மையிலேயே ஆடத் தெரியும். ஆனால் அவனது நடையில் இருந்த மெல்லிய ஒசிவு விடுதியில் ஏற்கெனவே கேலிப்பொருளாகியிருந்தது. ஏனைய ஐவரும் ஒட்டித் தயாரித்த பாட்டில், அவன் தனித்து ஆடவேண்டிய இடத்தில், ஒரு கதாநாயகியின் அறிமுகப் பாட்டைச் செருகியிருந்தார்கள். நாம் கேட்டோம், இனிய மெட்டு, மாசற்ற சொற்கள். கையெழுத்திட்டோம்.

மேடையில் அந்தப் பெண்குரல் எழுந்த நொடியில், அவன் ஓர் அடிகூட எடுத்துவைக்கும் முன்னரே, அரங்கம் சிரித்துக் குலுங்கியது. அவன் ஆடினான். தாளம் தப்பவில்லை. ஆயினும் அவன் காலை ஒருவரும் பார்க்கவில்லை. மறுநாள் துறை அலமாரியிலிருந்து இரவல் வாங்கிய சலங்கையைத் திருப்பித் தர வந்தவன், "நல்லா ஆடுனேனாய்யா?" என்று கேட்டான். "நன்றாக ஆடினாய்" என்றோம். அது பொய்யன்று, ஆனால் அவன் கேட்டதற்கு விடையும் அன்று. எஞ்சிய ஈராண்டும் அவன் மேடைப்பக்கம் வரவேயில்லை.

அந்தச் சங்கடம் மனத்தை விட்டு நீங்காதிருந்த நாள்களில்தான், நண்பர் ஒருவர் வற்புறுத்தியதால், 1997ஆம் ஆண்டில் வெளியான 'தி ஃபுல் மான்ட்டி' என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்தோம். ஆடவர் ஆடிக்காட்டப் பெண்கள் கட்டணம் செலுத்திக் காணும் கேளிக்கை மேலைநாடுகளில் ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. அவ்வகையில் பெரும்புகழ் பெற்ற குழு 1979இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் இந்தியாவிலிருந்து சென்று குடியேறிய சோமன் பானர்ஜி என்பது பலரும் அறியாத செய்தி. கட்டுடல் இளைஞர்களின் அந்த ஆட்டத்தைக் கண்டு, வேலையிழந்த ஆறு சாமானியர்கள் தாமும் அவ்வாறே ஆடிப் பணம் ஈட்ட முனைவதே படத்தின் கதை. களம் ஷெஃபீல்டு, உருக்காலைகள் மூடப்பட்டுக் களையிழந்த நகரம். ஒருவன் பருத்தவன், ஒருவர் முதியவர், ஒருவர் வேலை போனதை மனைவியிடம் மறைத்த முன்னாள் மேற்பார்வையாளர். ஆடையைக் களைந்தாடும் ஆட்டம்தான். ஆயினும் படத்தில் நாம் கண்டது அவர்களது மானத்தைப் பற்றிய கதையை.

அப்படத்தில் இசை எங்கே எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வேலையற்றோருக்கான உதவித்தொகை பெற அவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். டோனா சம்மர் 1979இல் பாடிய 'ஹாட் ஸ்டஃப்' ஒலிக்கத் தொடங்குகிறது. ஒருவரும் ஆட நினைக்கவில்லை. ஆனால் ஒருவரது தோள் அசைகிறது, இன்னொருவரது இடுப்பு மெல்ல விடைசொல்கிறது. பல வாரம் பழகிய உடல்கள், கேட்டவுடன் தம்மையறியாமல் இணங்குகின்றன. அவையில் நாம் சிரிக்கிறோம். ஆனால் அவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறோம். இவ்விரண்டு சிரிப்புக்கும் நடுவே உள்ள தொலைவுதான் நல்ல பாட்டுத் தேர்வுக்கும் தீயதற்கும் உள்ள தொலைவு.

இறுதி ஆட்டத்துக்கு வைத்த பாட்டு இன்னும் நுட்பமானது. ராண்டி நியூமன் 1972இல் எழுதி வெளியிட்ட 'யூ கேன் லீவ் யுவர் ஹேட் ஆன்' என்ற பாட்டு, ஓர் ஆண் ஒரு பெண்ணை ஆடை களையச் சொல்லும் பாட்டு. 1986இல் ஜோ காக்கரின் குரலில் அது வேறொரு படத்தில் இடம்பெற்று, ஒரு பெண் ஆடை களையும் காட்சிக்கே உரியதாகிவிட்டது. 1997இல் அதே பாட்டை, வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனான டாம் ஜோன்ஸ் பாட, காவலாளிச் சீருடையும் தொப்பியும் அணிந்த ஆறு ஆண்கள் ஆடுகிறார்கள். பெண்ணை நோக்கிய கட்டளை இப்போது ஆணை நோக்கித் திரும்பிவிடுகிறது. அவர்கள் அதை ஏற்று, வெட்கத்தோடும் துணிவோடும் ஆடி முடிக்கிறார்கள். பாட்டில் ஒரு சொல்லும் மாறவில்லை. ஆடுபவரும் காண்பவரும் இடம் மாறினார்கள், பொருள் முழுவதும் மாறிவிட்டது. அப்படத்தின் இசைக்காக ஆன் டட்லி 1998இல் ஆஸ்கார் விருது பெற்றார்.

நாம் தமிழ்த்துறையினர் ஆதலால் நமக்கு உடனே நினைவுக்கு வந்தது சிலம்பு. கடலாடு காதையில் மாதவி ஆடிய பதினோராடலை நாம் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். கொடுகொட்டியும் பாண்டரங்கமும் சிவனுடையவை, அல்லியமும் மல்லும் குடமும் மாயோனுடையவை, துடியும் குடையும் முருகனுடையவை, பேடு காமனுடையது, மரக்கால், பாவை, கடையம் ஆகிய மூன்று மட்டுமே பெண்தெய்வங்கள் ஆடியவை. பதினொன்றில் எட்டு ஆடவர் ஆட்டம்! ஆண் ஆடுவது நாணத்தக்கது என்ற எண்ணம் நமக்கு இடையில் எங்கோ வந்து ஒட்டிக்கொண்டது.

அவ்வெட்டிலும் பேடாடல் தனித்துக் கருதத்தக்கது. ஆண்மை திரிந்த பெண்மைக் கோலத்தில் காமன் வாணனுடைய நகரில் ஆடியது அது. சிறைப்பட்ட தன் மகன் அநிருத்தனை மீட்பதற்காக ஆடினான் என்று உரைமரபு கூறும். ஷெஃபீல்டு படத்தின் நாயகனும் மகனுக்காகவே ஆடுகிறான். மகனுக்குரிய பராமரிப்புத் தொகையைக் கட்டாவிட்டால் பிள்ளையோடு இருக்கும் உரிமை பறிபோய்விடும். காப்பியக் காமனுக்கும் உருக்காலைத் தொழிலாளிக்கும் எந்தத் தொடர்பும் இல்லைதான். ஆயினும் தந்தையொருவன் மகனுக்காகக் கூச்சத்தை விட்டு அவையில் ஆடினான் என்ற செய்தி இரண்டிலும் நிற்கிறது. பெண்கோலமோ பெண்குரலோ அன்று நம் மாணவனை இழிவுபடுத்தவில்லை. ஏன் ஆடுகிறோம் என்பது அவனுக்கே தெரியாதபடி, பிறர் சிரிப்பதற்காக அந்தப் பாட்டு அவன்மேல் ஏற்றப்பட்டதே, அதுதான் இழிவு.

அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் அரங்கின் நீள அகலங்களைக் கோல்கணக்கில் அளந்து சொல்வதற்கு முன்னரே ஆடலாசான், இசையாசான், புலவன், தண்ணுமையாசான், குழலோன், யாழோன் ஆகியோரின் இலக்கணத்தை விரித்துவிடுகிறார். அவர்களுள் தண்ணுமையாசான் பிற கருவிகளின் குறையை நிரப்பவேண்டும், மிகையை அடக்கவேண்டும், தான் மேலோங்கித் தோன்றாதிருக்கவேண்டும். நம் விடுதியறையில் நள்ளிரவில் கணினிமுன் அமர்ந்து பாட்டை வெட்டி ஒட்டும் மாணவன்தான் இன்றைய தண்ணுமையாசான். அவனிடம் யாரும் இதைச் சொல்வதில்லை.

"விருந்தென்றால் கூத்தும் கும்மாளமும் இருக்கத்தான் செய்யும், தேவாரத்துக்கா ஆடச்சொல்கிறீர்?" என்று உடன்பணியாற்றும் பேராசிரியர் ஒருவர் நம்மைக் கேட்டார். கூத்தும் கும்மாளமும் வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. குத்துப்பாட்டும் நமக்குப் பகையன்று. 1993இல் 'ஜென்டில்மேன்' படத்தில் பிரபுதேவா ஒரே ஒரு பாட்டுக்கு வந்து ஆடியபோது பள்ளிச் சிறுவராயிருந்த நாமும் வீட்டு முற்றத்தில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டவர்களே. நாம் கேட்பதெல்லாம், சிரிப்பு யார்மேல் விழவேண்டும் என்பதை ஆடுபவனே முடிவுசெய்யட்டும் என்பதுதான்.

ஆகவே இவ்வாண்டு மிக்ஸோடு வந்த மாணவர்களிடம் கையெழுத்துக்கு முன் நான்கு கேள்விகள் கேட்டோம். முதலாவது: உங்களுள் மிகக் கூச்சமுள்ளவன் யார், இந்தப் பாட்டு அவனுக்குப் பிடித்திருக்கிறதா? இரண்டாவது: இந்தப் பாட்டின் சொற்கள் எதிரே அமர்ந்திருக்கும் உங்கள் வகுப்புத் தோழியரைப் பற்றி என்ன சொல்கின்றன? காதலில் தோற்றவன் பெண்குலத்தையே ஏசும் பாட்டில் ஆபாசச் சொல் ஒன்றும் இல்லாமலிருக்கலாம். முகத்துக்கு நேரே ஆடிக்காட்டும்போது அது வசைதான். மூன்றாவது: ஆறு நிமிடத்தில் பதினொரு பாட்டு எதற்கு? உடல் ஒரு தாளத்தில் ஊன்றுவதற்குள் அடுத்தது வந்துவிட்டால் ஆட்டம் எங்கே நிகழும்? ஒயிலாட்டம் மெல்லத் தொடங்கிப் படிப்படியாக விரைவதை எண்ணிப் பாருங்கள்; கைக்குட்டை வீசும் அந்த வரிசையை அவை கண்டு பழகுவதற்கு அது நேரம் கொடுக்கிறது. நான்காவது: மூச்சுவாங்குவதற்கு எங்கே இடம் வைத்திருக்கிறீர்கள்?

முதற் கேள்விக்கே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் வேறொரு பென் டிரைவ் வந்தது. அதில் இருந்தவை இரண்டே. ஒரு மாணவன் தன் ஊர்த் திருவிழாவில் கைப்பேசியில் பதிவுசெய்த தவிலும் தப்பும், சொல்லில்லாமல், ஒன்றரை நிமிடம். பின்னர் ஒரே ஒரு திரைப்பாட்டு, முழுமையாக. இரண்டுக்கும் நடுவே நான்கு நொடி அமைதி.

அந்த அமைதியில் மைக்செட்காரர் கருவி பழுதாகிவிட்டதென்று பதறி மேடையோரம் ஓடிவந்தது தனிக்கதை. ஆடியவர்களுள் ஒருவன் திரும்பவேண்டிய இடத்தில் திரும்ப மறந்து அடுத்தவன்மேல் மோதினான். அரங்கம் சிரித்தது, அவனும் சிரித்தான், மோதப்பட்டவன் அதையே ஓர் அடவாக்கி மீண்டும் ஒருமுறை வேண்டுமென்றே மோதினான். முதல்வரிசையில் அமர்ந்திருந்த மாணவியர் சிலர் எழுந்து நின்று தாளமிட்டனர். மகத்தான கலை நிகழ்ந்துவிட்டது என்று நாம் சொல்லவரவில்லை. ஆறு பிள்ளைகள் ஆடினார்கள், அவை அவர்களது ஆட்டத்தைப் பார்த்தது, அவ்வளவே. முன்பு நிகழாதது அதுதான்.

கல்லூரிகளில் பொறுப்பாசிரியராக இருக்கும் நண்பர்கள், வீட்டு விழாக்களில் இளைஞர்களை மேடையேற்றும் அன்பர்கள், அடுத்தமுறை பாட்டுப் பட்டியல் கைக்கு வரும்போது சொற்களோடு நின்றுவிடாமல் ஆடப்போகிறவன் முகத்தையும் ஒருமுறை பார்க்கவேண்டும் என்பது நம் வேண்டுகோள்.

சலங்கையைத் திருப்பித் தந்த அந்த மாணவன் இப்போது எங்கிருக்கிறான் என்று நமக்குத் தெரியாது. அவன் கேட்டதற்குரிய விடை காலந்தாழ்ந்து நம்மிடம் வந்திருக்கிறது. நீ நன்றாகத்தான் ஆடினாய், தம்பி. அந்தப் பாட்டு உன்னுடையதாக இல்லை. அதற்குக் கையெழுத்திட்டவர் நாம்.