ஆளுக்கொரு ஆலோசனை

கோல்ஃப் ஆடும் நம் சங்க அன்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒரு நல்ல ஆட்டக்காரரை நாமே ஆலோசனை சொல்லிச் சொல்லிக் கெடுத்துவிட்டோம் என்பது என் அபிப்ராயம்.

நண்பர் ராணுவத்தில் இருந்தபோது கன்டோன்மென்ட் மைதானத்தில் ஆடக் கற்றவர். அங்கே குழியைச் சுற்றிப் புல் கிடையாது. மணலில் எண்ணெய் கலந்து பரப்பியிருப்பார்கள். பிரௌன் என்று பெயர். பந்து என்றைக்கும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் ஓடும். ஓய்வு பெற்று இங்கே வந்தால் புல்தரை. காலைப் பனி ஈரத்தில் பந்து நகராது. வெயில் ஏறினால் நிற்காது. போதாக்குறைக்குப் புல் சாய்ந்த பக்கம் வேறு இழுக்கும். மனிதர் தடுமாறிப் போனார்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் மட்டைக்குப் பட்டர் என்று பெயர் (ஸ்ரீரங்கத்துப் பட்டர் அல்ல!). பதினெட்டு குழிகளுக்கு 72 என்று கணக்கு வைத்த மைதானத்தில் சரிபாதி, அதாவது 36, இந்த உருட்டலுக்கே ஒதுக்கியது. நண்பர் 44, 45 என்று போய்க்கொண்டிருந்தார்.

உடனே கிளம்பினோம் நாம். பிடியை மாற்று என்றார் ஒருவர். தலை ஆடுகிறது என்றார் இன்னொருவர். நானும் சும்மா இருக்கவில்லை, புது மட்டை வாங்கச் சொன்னேன். வீட்டில் ஜமக்காளத்தை விரித்து, டம்ளரைச் சாய்த்து வைத்து, இரவு பதினொரு மணி வரை தட்டிக்கொண்டிருந்தார். "டம்ளர் நசுங்கினதுதான் மிச்சம்" என்றார் அவர் மனைவி.

அவர் நாலடியில் தவறவிடுவதைத்தான் எல்லோரும் பார்த்தோம். அந்த நாலடி ஏன் மிச்சமானது என்று ஒருவரும் கேட்கவில்லை. முப்பதடியிலிருந்து தட்டிய முதல் பந்து ஆறடி முன்னால் நிற்கும், அல்லது ஐந்தடி தாண்டி ஓடும். திசை அவருக்கு ஓரடிகூடப் பிசகாது. கோளாறு கையில் இல்லை, தூரத்தில்.

நாலடியில் தவறுவது வியாதியுமல்ல. 2024 அமெரிக்க ஓப்பனின் கடைசி நாளில் ரோரி மெக்கில்ராய் பதினாறாவது குழியில் இரண்டரை அடியில் தவறினார். பதினெட்டாவதில் நாலடிக்கும் குறைவான தூரத்தில் தவறிக் கோப்பையையே இழந்தார். எட்டடியிலிருந்து அமெரிக்கத் தொழில்முறை வீரர்களே பாதிக்குப் பாதிதான் போடுகிறார்கள்.

ஆகவே நண்பருக்கு வேண்டியது ஒரே பயிற்சி. ஆட்டத்துக்கு முன் கால் மணி நேரம் குழியையே பார்க்காமல் இருபது, முப்பது, நாற்பதடிக்குத் தட்டிப் பார்க்க வேண்டும். வேகமாக வெட்டக் கூடாது. தூரம் கூடக்கூட மட்டை பின்னால் போகும் அளவு கூட வேண்டும். தாளம் மாறக் கூடாது. அன்றைய புல் எப்படி ஓடுகிறது என்று கை தானே தெரிந்துகொள்ளும். மட்டையின் முகத்தைப் பற்றிய கவலை ஆறடிக்குள் வந்த பிறகு போதும். அங்கே இரண்டு டிகிரி திரும்பினாலே பந்து குழியின் விளிம்புக்குப் போய்விடும். அதற்கு ஜமக்காளமும் டம்ளரும் தாராளம்.

இதையெல்லாம் நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அவர் மைதானத்துக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. மட்டை குடைகளோடு குடையாக மூலையில் நிற்கிறதாம். வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவரை அழைத்துவரப் போகிறேன். அன்று அங்கே வரும் அன்பர்கள் தயவுசெய்து குட்மார்னிங் மட்டும் சொல்லுங்கள்.