மருந்து யாருக்குச் சொந்தம்?

கொரோனா கொன்று குவித்த 2020-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்று டெக்சாமெதசோன் என்ற பழைய, மலிவான மருந்தைச் சோதித்தது. சுவாசக் கருவியில் கிடந்தோரிடையே சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது! கூலிக்காரனுக்கும் எட்டும் மருந்து. பாராட்டுகிறோம்.

அதே பல்கலைக்கழகம் தடுப்பூசியும் கண்டது. ஆராய்ச்சிக்குப் பெரும்பணம் கொட்டியது யார்? வரி கட்டும் மக்களும் அறநிலையங்களும்! ராயல்டி இன்றி எவர்க்கும் உரிமை தருவோம் என்ற பேச்சும் முதலில் எழுந்தது. உரிமை போய்ச் சேர்ந்ததோ அஸ்ட்ராஜெனெகா கம்பெனியிடம்! இலாபமில்லா விலை என்றார்கள். 2021 நவம்பரில் 'சிறிது இலாபம்' என்றார்கள்.

அன்று, 1940-இல், இதே ஆக்ஸ்போர்டில் ஃபுளோரி குழுவினர் பாத்திரமின்றி மருத்துவமனை மலச்சட்டியில் பூஞ்சணம் வளர்த்துப் பெனிசிலின் எடுத்தனர். அதற்கு ஆக்ஸ்போர்டு பேடண்ட் வாங்கவில்லை. அந்த வழி வந்தவர்களுக்கு 2020-இல் என்ன வந்தது? கேட்கிறோம்!