நைஜெல் நீல்: சின்னத்திரையை நம்பிய எழுத்தாளர்

பிரிட்டிஷ் தொலைக்காட்சி நாடகத்துக்குத் தனி முகம் தந்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் நைஜெல் நீல். 1950களின் தொடக்கத்தில் பிபிசியின் நாடகப் பிரிவு பெரும்பாலும் மேடை நாடகங்களையும் நாவல்களையும் எடுத்து, ஸ்டூடியோவில் நடிக்கவைத்து ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சிக்கென்றே கதை எழுத முடியும், அந்தக் கதை ஊரையே வீட்டுக்குள் உட்காரவைக்கும் என்று செய்து காட்டியவர் அவர். அவருடைய எழுத்து வாழ்க்கையில் தாராளமான பட்ஜெட் கிடைத்த சந்தர்ப்பங்கள் குறைவு. ஒரு ஸ்டூடியோ, சில நல்ல நடிகர்கள், வலுவான ஒரு கற்பனை, இவை இருந்தால் போதும் என்பதை அவருடைய நாடகங்கள் திரும்பத் திரும்ப நிரூபித்தன.

நீல் 1922 ஏப்ரலில் இங்கிலாந்தின் பாரோ-இன்-ஃபர்னஸ் நகரில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் ஐரிஷ் கடலில் உள்ள மேன் தீவு. அவருக்கு ஆறு வயதானபோது குடும்பம் அங்கேயே திரும்பிப் போனது. தந்தை அங்கே ஓர் உள்ளூர்ப் பத்திரிகையை நடத்தினார். பேய்க்கதைகளுக்கும் பழைய நம்பிக்கைகளுக்கும் பஞ்சமில்லாத அந்தத் தீவின் தடம் அவர் எழுத்தில் கடைசிவரை இருந்தது. வெயில் வெளிச்சத்தைக் கண்கள் தாங்காத குறைபாட்டால் இரண்டாம் உலகப் போரின்போது ராணுவம் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தீவில் வழக்கறிஞர் தொழிலுக்குப் பயிற்சி பெற்றவர், அதைக் கைவிட்டு 1946இல் லண்டன் சென்று, ராயல் அகாடமி ஆஃப் டிராமாடிக் ஆர்ட்டில் நடிப்பு பயின்றார். நடிப்பில் பெரிதாக முன்னேறவில்லை. ஆனால் அவருடைய சிறுகதைகள் ‘டொமேட்டோ கெய்ன்’ என்ற தொகுப்பாக 1949இல் வெளிவந்து, அடுத்த ஆண்டே சாமர்செட் மாம் விருதைப் பெற்றன. அடுத்ததாக ஒரு நாவலைப் பதிப்பாளர்கள் எதிர்பார்த்தார்கள். நீல் தொலைக்காட்சிக்குப் போனார்.

1951இல் பிபிசி தொலைக்காட்சியின் முதல் ஊழியர்-எழுத்தாளர்களில் ஒருவராக அவர் சேர்ந்தார். தொடக்கத்தில் கொடுத்த வேலையையெல்லாம் செய்ய வேண்டியிருந்தது. 1952இல் ருடால்ஃப் கார்ட்டியர் இயக்குநராக வந்து சேர்ந்ததும் நிலைமை மாறியது. ஆஸ்திரியாவில் பிறந்து, பெர்லின் திரைப்பட உலகில் பணியாற்றி, நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர் கார்ட்டியர். பிபிசி நாடகங்கள் மந்தமாக இருக்கின்றன, புதிய எழுத்து வேண்டும் என்று சேரும்போதே வெளிப்படையாகச் சொன்னவர். நீலின் எண்ணமும் அதுவே. இருவரும் சேர்ந்ததும் ஸ்டூடியோ நாடகத்துக்குச் சினிமாவின் வேகமும் விரிவும் வந்தன.

1953 கோடையில் சனிக்கிழமை இரவுகளில் ஆறு பகுதிகளாக ஒளிபரப்பான ‘தி குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்’ நீலின் பெயரை நிலைநாட்டியது. மூவரை ஏற்றிச் சென்ற விண்கலம் பூமிக்குத் திரும்புகிறது. உள்ளே ஒருவர் மட்டுமே உயிருடன் இருக்கிறார். மற்ற இருவரின் விண்வெளி உடைகள் வெறுமையாகக் கிடக்கின்றன. பிழைத்தவரின் உடல் மெல்ல மெல்லத் தாவரம் போன்ற ஒன்றாக மாறத் தொடங்குகிறது. அவரைத் தேடிப் போகும் விஞ்ஞானி பெர்னார்டு குவாட்டர்மாஸ். அந்தக் குடும்பப் பெயரை லண்டன் டெலிபோன் டைரக்டரியிலிருந்து நீல் எடுத்தார். முதல் பெயர் வானியலாளர் பெர்னார்டு லவலை நினைவில் வைத்துச் சூட்டியது.

ஆறு பகுதிகளும் அலெக்ஸாண்ட்ரா பேலஸ் ஸ்டூடியோவிலிருந்து நேரடியாக ஒளிபரப்பாயின. முதல் பகுதிகள் போய்க்கொண்டிருந்தபோது கடைசிப் பகுதிகளை நீல் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார். முழுத் தொடருக்கும் ஒதுக்கிய பணம் நாலாயிரம் பவுண்டுக்கும் குறைவு. உச்சக் காட்சி நடக்கும் இடம் வெஸ்ட்மின்ஸ்டர் அபே. அதே ஆண்டு ஜூன் 2 அன்று இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவை நாடே தொலைக்காட்சியில் பார்த்த இடம் அது. அந்தத் தேவாலயத்தின் உள்ளே ஒரு ராட்சத உயிர் படர்ந்து கிடப்பதைக் காட்ட வேண்டும். அதற்குக் கிடைத்த வழி எளிமையானது. அபேயின் உட்புறப் புகைப்படத்தைப் பெரிதாக்கி, அதில் ஓட்டை போட்டார்கள். கையுறைகளில் செடிகொடிகளையும் தோல் துண்டுகளையும் ஒட்டி, அந்தக் கைகளை ஓட்டை வழியே நுழைத்து அசைத்தவர் நீலேதான். கையுறையைத் தயாரிக்க உதவியவர் அவருடைய வருங்கால மனைவி ஜூடித் கெர். சிறுவர்களுக்கான ‘தி டைகர் ஹூ கேம் டு டீ’ நூலைப் பின்னாளில் எழுதியவர் இவரே.

அந்த உயிரைக் குவாட்டர்மாஸ் ஆயுதத்தால் வீழ்த்துவதில்லை. அதனுள் கரைந்துபோன மூன்று மனிதர்களையும் பெயர் சொல்லி அழைக்கிறார். மிச்சமிருக்கும் மனிதத் தன்மையைத் திரட்டி அதை எதிர்க்கும்படி வேண்டுகிறார். பேச்சே அதை அழிக்கிறது. இந்த முடிவில் நீலின் முழு நோக்கும் தெரிகிறது. அவருடைய கதைகளில் ஆபத்து வெளியிலிருந்து வந்தாலும், தீர்ப்பு மனித மனத்துக்குள்தான் நடக்கிறது.

இந்தத் தொடரில் இன்று எஞ்சியிருப்பவை முதல் இரண்டு பகுதிகள் மட்டுமே. அக்காலத்தில் நேரடி ஒளிபரப்பைப் பாதுகாக்க வேண்டுமென்றால், திரையில் ஓடுவதையே பிலிம் கேமராவால் படம்பிடிக்க வேண்டும். இரண்டாம் பகுதியைப் பதிவுசெய்தபோது திரைக்கும் கேமராவுக்கும் இடையே ஒரு பூச்சி புகுந்துவிட்டது. பதிவின் தரம் திருப்தி தராததால் மீதி நான்கு பகுதிகள் பதிவுசெய்யப்படவே இல்லை. பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் அடித்தளமான ஒரு படைப்பில் மூன்றில் இரண்டு பங்கு இப்படிப் போனது ஈடுசெய்ய முடியாத இழப்பு.

பொருள் இழப்பு வேறு. ஊழியராக எழுதியதால் கதையின் உரிமை பிபிசியிடம் இருந்தது. ஹாமர் நிறுவனம் அதை வாங்கி 1955இல் படமாக்கியது. படத்தில் குவாட்டர்மாஸாக அமெரிக்க நடிகர் பிரையன் டான்லெவி நடித்தார். பேச்சால் வெல்லும் முடிவு நீக்கப்பட்டு, ராட்சத உயிர் மின்சாரம் பாய்ச்சிக் கொல்லப்பட்டது. படம் ஹாமரைத் திகில் படங்களின் பக்கம் திருப்பியது. கதையைப் படைத்தவருக்கு அதில் பங்கும் இல்லை, முடிவைப் பற்றிச் சொல்ல உரிமையும் இல்லை. உழைப்பு யாருடையதோ உரிமையும் அவருக்கே வேண்டும் என்ற நியாயத்தை எழுத்தாளர்கள் ஏன் விடாமல் கேட்கிறார்கள் என்பதற்கு இது தெளிவான சான்று.

1954 டிசம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ நாவலை நீல் நாடகமாக எழுத, கார்ட்டியர் இயக்க, பீட்டர் குஷிங் நாயகனாக நடித்தார். எலிகளைக் காட்டி நாயகனைப் பணியவைக்கும் சித்திரவதைக் காட்சி நாட்டை உலுக்கியது. கண்டனங்கள் குவிந்தன, நாடாளுமன்றத்தில் தீர்மானங்கள் கொண்டுவரப்பட்டன. வியாழக்கிழமை இரண்டாம் முறை நடத்துவதா வேண்டாமா என்று பிபிசி மேலிடம் விவாதித்து, நடத்துவது என முடிவெடுத்தது. அக்காலத்தில் மறு ஒளிபரப்பு என்றால் நடிகர்கள் திரும்ப வந்து முழு நாடகத்தையும் நடிக்க வேண்டும். அன்றைய நடிப்பு பதிவுசெய்யப்பட்டதால் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. வரவேற்பறையில் வைத்த பெட்டி ஓர் அரசியல் வாதத்தைக் கிளப்ப முடியும் என்பதை பிரிட்டன் அந்த வாரத்தில் உணர்ந்தது.

1955இல் பிபிசிக்குப் போட்டியாக ஐடிவி தொலைக்காட்சி தொடங்கிய பருவத்தில் ‘குவாட்டர்மாஸ் II’ வந்தது. அரசு ரகசியம் என்ற போர்வையில் வேலிக்குள் இயங்கும் ஒரு தொழிற்சாலை. அங்கே அந்நிய உயிர்கள் வளர்க்கப்படுகின்றன. அவை உயர் அதிகாரிகளையே தம் வசப்படுத்தியிருக்கின்றன. பனிப்போர்க் கால பிரிட்டனில் மக்கள் கேள்வி கேட்க முடியாத ராணுவ மையங்கள் பெருகிவந்ததை நீல் நேராகத் தொட்டார்.

1958 டிசம்பரில் தொடங்கி 1959 ஜனவரியில் முடிந்த ‘குவாட்டர்மாஸ் அண்ட் தி பிட்’ அவருடைய படைப்புகளில் தலைசிறந்தது. லண்டன் நைட்ஸ்பிரிட்ஜில் கட்டடத்துக்காகத் தோண்டிய குழியில் மனித மூதாதையரின் மண்டையோடுகள் கிடைக்கின்றன. தொடர்ந்து தோண்டினால் ஓர் உலோகக் கலம். ஜெர்மானியர் போட்ட வெடிக்காத குண்டு என்று ராணுவம் சொல்கிறது. அது ஐம்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன் செவ்வாயிலிருந்து வந்தது என்பது பிறகு தெரிகிறது. பூச்சி வடிவச் செவ்வாய்வாசிகள் நம் மூதாதையரின் மூளையை மாற்றியமைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கூட்டத்தில் வேறுபட்டு நிற்பவனைக் கொன்றொழிக்கும் வெறி அப்படித்தான் மனித ரத்தத்தில் இறங்கியது. பிசாசு நம்பிக்கை, பேய் நடமாட்டம், இனப் பகை எல்லாமே அந்தப் பழைய நினைவின் எச்சங்கள். அதே 1958இல்தான் லண்டன் நாட்டிங் ஹில்லில் கரீபிய மக்கள் மீது வெள்ளையர் கும்பல்கள் தாக்குதல் நடத்தின. விஞ்ஞானக் கதைக்குள் தன் காலத்தின் புண்ணை இவ்வளவு துல்லியமாகத் தொட்ட நாடகங்கள் அரிது. புதிதாகத் தொடங்கப்பட்ட பிபிசி ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப் தொடரின் விசித்திர ஒலிகளை உருவாக்கியது. கடைசிப் பகுதியை ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். 1967இல் ஹாமர் இதைப் படமாக்கியபோது திரைக்கதையை நீலே எழுதினார்.

பிபிசி ஊழியர் வேலையை விட்டபின் சினிமாவிலும் அவர் கால் பதித்தார். ஜான் ஆஸ்பர்னின் ‘லுக் பேக் இன் ஆங்கர்’, ‘தி எண்டர்டெய்னர்’ நாடகங்களைத் திரைக்கதையாக்கி, இரண்டுக்கும் பிரிட்டிஷ் அகாடமி விருதுப் பரிந்துரை பெற்றார். எச்.ஜி. வெல்ஸ் நாவலிலிருந்து வந்த ‘ஃபர்ஸ்ட் மென் இன் தி மூன்’ (1964) படத்திலும் அவர் எழுத்து உண்டு.

ஆனாலும் அவருடைய கூர்மையான கற்பனைகள் தொலைக்காட்சிக்கே போயின. 1963இல் வந்த ‘தி ரோடு’ பதினெட்டாம் நூற்றாண்டில் நடக்கிறது. ஒரு காட்டுப் பகுதியில் அலறல்களும் ஓடும் காலடிகளும் கேட்கின்றன. ஆவிகள் என்று ஊரார் அஞ்சுகிறார்கள். முடிவில்தான் அவை வருங்காலத்துக் குரல்கள் என்பது புரிகிறது. அணுகுண்டு விழும் நாளில் நெடுஞ்சாலையில் தப்பி ஓடும் மக்களின் ஓலம் காலத்தைத் தாண்டிப் பின்னோக்கிக் கேட்கிறது. இந்த நாடகத்தின் பதிவும் எஞ்சவில்லை. எழுத்துப்படி இருந்ததால் 2018இல் பிபிசி வானொலியில் மீண்டும் உயிர்பெற்றது.

1968இல் வந்த ‘தி இயர் ஆஃப் தி செக்ஸ் ஒலிம்பிக்ஸ்’ வருங்காலச் சமூகம் ஒன்றைக் காட்டுகிறது. மக்களைச் சோம்பலில் அடக்கிவைக்கத் தொலைக்காட்சி பயன்படுகிறது. ஒரு குடும்பத்தைத் தீவில் குடியேற்றி, அவர்கள் படும் துன்பத்தை நேரலையாகக் காட்டும் நிகழ்ச்சி பெரும் வெற்றி பெறுகிறது. ரியாலிட்டி ஷோக்கள் உலகை ஆளத் தொடங்கியதும் விமர்சகர்கள் இந்த நாடகத்தைத் தேடி எடுத்துப் பேசினார்கள்.

1972 கிறிஸ்துமஸ் இரவில் ஒளிபரப்பான ‘தி ஸ்டோன் டேப்’ ஒரு பழைய மாளிகையில் நடக்கிறது. புதிய ஒலிப்பதிவுச் சாதனம் தேடும் பொறியாளர் குழு, அங்குள்ள கல் சுவரே பழைய மரணம் ஒன்றைப் பதிந்துவைத்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிறது. பேயை ஆராயும் ஆர்வலர்கள் இன்றும் கல் பதிவுக் கொள்கை என்று பேசுவதற்கு அந்தப் பெயர் இங்கிருந்து போனது. 1976இல் ஏடிவிக்காக எழுதிய ‘பீஸ்ட்ஸ்’ தொகுப்பின் ஒரு கதையில், தனித்த வீட்டில் ஒரு தம்பதி தரைக்கு அடியில் எலிகள் பெருகும் சத்தத்தைக் கேட்கிறார்கள். ஒரு எலிகூடத் திரைக்கு வருவதில்லை. ஒலியும் இரண்டு நடிகர்களின் முகமும் பார்ப்பவரை உறையவைக்கின்றன. சிக்கனமான சாதனங்களால் எவ்வளவு செய்ய முடியும் என்பதைத் திரைக்கதை பயில்பவர்கள் இதிலிருந்து கற்கலாம்.

1979இல் ஐடிவியில் ஜான் மில்ஸ் நடித்த கடைசி ‘குவாட்டர்மாஸ்’ தொடர் வந்தது. பிறகு ஹாலிவுட்டுக்காக ‘ஹாலோவீன் III’ (1982) திரைக்கதையை எழுதினார். அவர் எழுதியதை மாற்றி வன்முறையைக் கூட்டியதால் தன் பெயரை நீக்கச் சொன்னார். 1989இல் சூசன் ஹில்லின் ‘தி வுமன் இன் பிளாக்’ நாவலைத் தொலைக்காட்சிக்கு ஏற்ப எழுதியதில், பார்க்காத மூலையில் பயத்தை வைக்கும் அவருடைய கைவண்ணம் மீண்டும் வெளிப்பட்டது. 1997இல் ‘கவனா க்யூசி’ தொடருக்கு எழுதியதுடன் அவருடைய தொலைக்காட்சி எழுத்து நிறைவடைந்தது.

‘டாக்டர் ஹூ’ தொடருக்கு எழுத அழைப்பு வந்தபோது நீல் மறுத்தார். அதை அவருக்குப் பிடிக்கவில்லை. இருந்தும் குவாட்டர்மாஸ் போட்ட பாதையில்தான் அது நடந்தது. இயக்குநர் ஜான் கார்ப்பென்டர் 1987இல் ‘பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸ்’ படத்தை மார்ட்டின் குவாட்டர்மாஸ் என்ற புனைபெயரில் எழுதினார். 2005 ஏப்ரலில் பிபிசி முதல் தொடரை ஒரே நாடகமாக்கி மீண்டும் நேரலையில் ஒளிபரப்பியது. பதிவு அழிந்துபோன பகுதிகளுக்கும் எழுத்து இருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. அடுத்த ஆண்டு அக்டோபர் 29 அன்று நீல் லண்டனில் காலமானார். வயது 84. தொலைக்காட்சி வரலாற்றில் எழுத்துப்படிகளைப் பாதுகாப்பது ஒளிநாடாக்களைப் பாதுகாப்பதற்கு நிகரான கடமை என்பதற்கு அவருடைய படைப்புகளே ஆதாரம்.