மூச்சு வளரும் பருவம்

சடுகுடு ஆட்டத்தில் பாடிச் செல்பவர், எதிரணியினரைத் தொட்டுவிட்டுத் தம் எல்லைக்கு மீளும்வரை பாட்டை இடையில் விடலாகாது. இன்றைய கபடிப் போட்டிகளில் இதற்கு 30 நொடி வரையறை உண்டு. ஊர்த் திடலிலோ மூச்சே அளவு. பதினேழு வயதில் நெடுநேரம் பாடிய இளைஞர் ஒருவர், பத்தொன்பது வயதில் பாதியிலேயே பாட்டை விட்டுத் திரும்பினால், ‘பயிற்சி போதவில்லை’ என்பர் உடன் ஆடுவோர். தேநீர்க் கடையோரத்தில் அவர் நாள்தோறும் பற்றவைக்கும் நான்கைந்து சிகரெட்டுகள் எவர் கணக்கிலும் வருவதில்லை.

புகைப்பழக்கம் குறித்து இளையோரிடம் பேசுவோர் பெரும்பாலும் புற்றுநோயையே முன்னிறுத்துகின்றனர். அது பொய்யன்று. ஆயினும், பதினேழு வயதினர்க்கு ஐம்பது வயது என்பது மிகத் தொலைவு. அவ்வெச்சரிக்கை பயனற்றுப் போவதற்கு இளையோரின் அலட்சியம் மட்டும் காரணமன்று. சொல்லும் முறையும் காரணமாகும். கேடு இன்றே தொடங்குகிறது என்பதை எடுத்துரைப்பதே நேர்மை.

நுரையீரலின் திறன் ஏறத்தாழ இருபது, இருபத்தைந்து வயதுவரை வளர்ந்து, பின்னர் மெல்லக் குறையத் தொடங்குகிறது. வளரும் பருவத்திலேயே புகைப்பவர்க்கு அவ்வளர்ச்சி குன்றுகிறது. ஏரி நிரம்பும் முன்பே மதகைத் திறந்துவிடுவதற்கு இஃது ஒப்பாகும். மூச்சுக்குழாயின் உட்சுவரிலுள்ள குறுயிழைகள் இடைவிடாது அசைந்து, தூசியையும் கிருமிகளையும் சளியோடு மேலே தள்ளுகின்றன. புகை அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. தேங்கிய சளியை வெளியேற்ற இருமலன்றி வேறு வழியில்லை. அதனைப் பனிக்காலத்துச் சளி என்று எண்ணி ஆறுதல் கொள்வோரும் உளர். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடோ ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. மாடிப்படி ஏறுகையில் தோன்றும் இரைப்புக்கு இதுவும் ஒரு காரணம்.

விட்டொழித்தால் இவற்றுள் பல மீளும். ஓரிரு நாளில் கார்பன் மோனாக்சைடு குருதியைவிட்டு அகலும். குறுயிழைகள் மீண்டும் இயங்கத் தொடங்கும். அப்போது தேங்கிய சளி வெளியேறுவதால் இருமல் சிறிது காலம் மிகுவதும் உண்டு. ‘விட்ட பிறகுதான் இருமலே வந்தது’ என்று மறுபடியும் பற்றவைப்பது, குணமாவதை நோயெனக் கொள்வதாகும். பிரிட்டன் மருத்துவர்களை 1951 முதல் 50 ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த ரிச்சர்டு டால் குழுவினர், புகையை விடாதோர் சராசரியாகப் 10 ஆண்டுகள் முன்னதாக இறந்ததையும், 30 வயதளவில் விட்டோர் அவ்விழப்பை ஏறத்தாழ முழுமையாகத் தவிர்த்ததையும் 2004இல் வெளியிட்டனர். முப்பதுவரை புகைக்கலாம் என்பது இதன் பொருளன்று. இளமையில் நிக்கோட்டினுக்குப் பழகிய மூளை அவ்வளவு எளிதில் விடைகொடுப்பதில்லை.

பழியனைத்தையும் இளைஞர்மீது சுமத்துவதும் முறையன்று. 2003ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோர்க்கும், கல்வி நிறுவனங்களிலிருந்து 100 கஜத்திற்குள்ளும் புகையிலைப் பொருள்கள் விற்பதைத் தடைசெய்கிறது. பெட்டியின் முகப்பில் 85 விழுக்காட்டு இடத்தை எச்சரிக்கைப் படம் நிறைத்திருக்க வேண்டும். ஆனால், கையில் சில்லறையே வைத்திருக்கும் இளைஞர் பெட்டியை வாங்குவதில்லை. ஒன்றிரண்டாக உதிரியாகவே வாங்குகிறார். கர்நாடகம், மகாராட்டிரம் முதலிய மாநிலங்கள் உதிரி விற்பனையைத் தடைசெய்து ஆணையிட்டுள்ளன. அத்தடை நாடு முழுமைக்கும் வந்து, நடைமுறையிலும் நிற்கும்வரை, எச்சரிக்கைப் படம் கடைக்காரரின் பலகையிலேயே தங்கிவிடும். சிகரெட்டு மட்டும் மாணவர் கைக்கு வந்து சேரும்.