யந்திர விளக்கம்: ஊதி ஏற்றிய சக்தி

பழைய மோட்டார் வண்டிகள் கைமாறும் இடங்களில், பின்புறத்தில் ‘கொம்ப்ரெஸ்ஸோர்’ என்று பெயர் பொறித்த மெர்ஸிடிஸ் கார்களை நேயர்கள் பார்த்திருக்கக் கூடும். ஜெர்மானிய மொழியில் அச்சொல் காற்றை அழுத்தும் கருவியைக் குறிக்கும். அக்கருவியையே ஆங்கிலத்தில் சூப்பர்சார்ஜர் என்பர். இத்தகைய வண்டியை வாங்கும் இளைஞர் மனத்தில் விரைவிலேயே ஓர் ஆசை எழுகிறது. “கருவிதான் இருக்கிறதே, அதை இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுழலவிட்டால் சக்தி கூடாதோ?” என்று கேட்கிறார். கூடும், ஐயமில்லை. அந்தச் சக்தியை எஞ்சின் எத்தனை நாள் தாங்கும் என்பதே கேள்வி.

இந்த ஆசை புதிதன்று. 1920-களின் இறுதியில் இங்கிலாந்தில் இரு வல்லுநர்கள் இதே விஷயத்தில் மாறுபட்டு நின்றனர். ஒருவர் பென்ட்லி கார்களைப் படைத்த டபிள்யூ. ஓ. பென்ட்லி, மற்றவர் பந்தய வீரர் பிர்கின். பென்ட்லியின் 4½ லிட்டர் காருக்கு 4 சிலிண்டர்கள். கொள்ளளவு 4,398 கன சென்டிமீட்டர். 1928-ல், பிரான்சு நாட்டு லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் அது வெற்றி பெற்றது. சாலையில் ஓடும் வண்டியின் சக்தி 110 குதிரைத்திறன். மேலும் சக்தி வேண்டுமாயின் பெரிய எஞ்சினாகச் செய்வோம் என்றார் பென்ட்லி. உள்ள எஞ்சினுக்கே சூப்பர்சார்ஜரைப் பூட்டுவோம் என்றார் பிர்கின். கம்பெனியின் தலைவர் பர்னாட்டோ பிர்கினுக்கு இசைந்தார். ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் அமைத்த கருவி, ரேடியேட்டருக்கு முன்னே, கிராங்க் தண்டின் முனையில் இடம் பெற்றது. 110 என்ற எண் 175 ஆயிற்று; பந்தய வண்டியிலோ 240-ஐ எட்டியது.

1930-ஆம் ஆண்டு லெ மான் பந்தயத்தில் சூப்பர்சார்ஜர் பூட்டிய பென்ட்லிகள் இரண்டு ஓடின. இரண்டுமே பந்தயத்தை முடிக்கவில்லை. முதல் இரு இடங்களையும் பெற்றவை, சூப்பர்சார்ஜர் இல்லாத பெரிய 6 சிலிண்டர் பென்ட்லிகளே. ஆயினும் பிர்கினின் வழியை முற்றும் தவறு என்பதற்கில்லை. அதே ஆண்டு பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில் அவர் இரண்டாமிடம் பெற்றார். 1932-ல் புரூக்லண்ட்ஸ் ஓடுகளத்தில் மணிக்கு 137.96 மைல் வேகத்தில் ஒரு சுற்றைக் கடந்து சாதனை நாட்டினார். ஒரு சுற்றுக்குச் சக்தி தருவது வேறு. இரவும் பகலும் தாங்குவது வேறு என்பதே இதனால் நாம் அறிவது. குடும்பத்துடன் நெடுவழி செல்லும் நமக்கு வேண்டியது இரண்டாவது.

தாங்கவொட்டாமல் செய்வது எது? பெரும்பாலும் உஷ்ணமே. ஒரு கிராம் பெட்ரோல் முற்றும் எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். சாதாரண எஞ்சின், பிஸ்டன் கீழிறங்கும்போது உறிஞ்சும் காற்றோடு நிறைவடைகிறது. சூப்பர்சார்ஜரோ, கிராங்க் தண்டினால் சுழற்றப்பெற்று, காற்றை வலிந்து திணிக்கிறது. காற்று மிகுந்தால் பெட்ரோலும் மிகுதியாக எரியும், சக்தி பெருகும். ஆனால் அழுத்தப்பட்ட காற்று சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்கள் பம்பின் அடி சுடுவதை அறிவார்கள். 30 டிகிரி உஷ்ணமுள்ள காற்றைச் சூப்பர்சார்ஜர் 1.8 மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால், அது 100 டிகிரிக்கு மேல் சூடேறி வெளிவரும்.

இந்தச் சூடான கலவை, தீப்பொறி மூட்டிய சுடர் வந்து சேருமுன் தானாகவே வெடித்தெரியக் கூடும். மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்பது இதனையே. சுத்தியலால் தட்டுவது போன்ற ஒலி எழும். வேகத்தில் காதுக்கு எட்டாமலும் போகும். பெட்ரோலின் அளவு குறைந்து கலவை நீர்த்திருந்தால் கேடு இரட்டிப்பாகும். பிஸ்டனின் விளிம்பு சிதையும்; வளையங்கள் முறியும்; சில நொடிகளிலேயே எஞ்சின் பாழாகும்.

இனி, முறையாகச் செய்வதற்கு ஓர் உதாரணம். 2002 முதல் 2006 வரை இங்கிலாந்தில் உற்பத்தியான மினி கூப்பர் எஸ் என்னும் சிறு காரில் 1.6 லிட்டர் எஞ்சினும், ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜரும் இருந்தன. ஊதல் இல்லாத மினி கூப்பரின் எஞ்சினில் அழுத்த விகிதம் 10.6-க்கு 1; இதில் 8.3-க்கு 1 என அதைக் குறைத்திருந்தனர். காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை எஞ்சினுக்கு மேலேயே அமைத்தனர். தொடக்கத்தில் சக்தி 163 குதிரைத்திறன். பிறகு ஜான் கூப்பர் ஒர்க்ஸ் என்ற பெயரில் வந்த கூடுதல் பாகங்கள் அதை 200-க்கு உயர்த்தின. அதற்காகச் சூப்பர்சார்ஜரை வேகமாகச் சுழற்றியதோடு அவர்கள் நிற்கவில்லை. சிலிண்டர் தலையை மாற்றினர், புகைக்குழாயை அகலமாக்கினர், எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரின் கணக்கையும் திருத்தினர்.

வீட்டில் இம்முயற்சியில் இறங்குவோர் கொள்ளவேண்டிய வரிசையும் இதுவே. முதலாவது, எஞ்சினின் உடல்நலம். நான்கு சிலிண்டர்களிலும் அழுத்தத்தை அளந்து, ஏறத்தாழச் சமமாக இருப்பதை உறுதி செய்க. மேற்கூறிய மினியில் தண்ணீர்ப் பம்பைச் சுழற்றுவது சூப்பர்சார்ஜரே. அதன் பற்சக்கரங்களுக்குரிய எண்ணெய் வற்றிவிட்டால் பம்பும் நின்று, எஞ்சின் கொதித்துவிடும். பழைய வண்டியில் இதைப் பாராமல் வேகத்தைக் கூட்டுவது, காய்ச்சல்காரனை ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்புவது போலாகும்.

இரண்டாவது, குளிர்ச்சி. இன்டர்கூலர், ரேடியேட்டர், எண்ணெய் ஆகிய மூன்றையும் செம்மைப்படுத்துக. மூன்றாவது, எரிபொருள். பம்பும் இன்ஜெக்டர்களும் கூடுதல் பெட்ரோலைத் தர வல்லனவா என்று சோதித்தறிக. கையேடு கூறும் ஆக்டேன் எண்ணுக்குக் குறைந்த பெட்ரோலை ஊற்றலாகாது. முழுவிசையில் ஒரு பங்கு பெட்ரோலுக்குக் காற்று 14.7 பங்கு அன்று. ஏறத்தாழ 12 பங்குக்கு மிகாமல் இருப்பதே பாதுகாப்பு. மிகுதியான பெட்ரோல் உஷ்ணத்தையும் தணிக்கும்.

இவை முடிந்த பின்னரே, நான்காவதாக, சூப்பர்சார்ஜரின் சிறிய கப்பி. கப்பி சிறுத்தால் கருவி வேகமாகச் சுழலும். அளவு மீறினால் காற்றைவிட உஷ்ணமே மிகுதியாக வந்து சேரும். ஆகவே சிறுகச் சிறுகக் கூட்டுக. உருளைகளின்மேல் வண்டியை ஓட்டிச் சக்தியை அளக்கும் டைனமோமீட்டர் உள்ள பட்டறையில், கலவையையும் நாக்கிங்கையும் கருவியால் கண்காணித்தவாறு கம்ப்யூட்டரின் கணக்கைத் திருத்தச் செய்க. ஐந்தாவது, பிரேக்குகளும் டயர்களும். விரைந்து ஓடும் வண்டி விரைந்து நிற்கவும் வேண்டும்.

சட்டத்தையும் மறத்தலாகாது. பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள், உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று வேறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. ஆகவே எதையும் தொடுமுன் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டறிக. கம்பெனிக்குத் தெரிவிக்காத மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீட்டுக்கே தடையாகலாம்.

கப்பியின் விலை சிறிது; அதை மாற்றும் வேலையும் சில மணி நேரமே. ஆகையால்தான் பலரும் அதிலிருந்து தொடங்கிவிடுகின்றனர். வரிசையின் தலைகீழ் அது. முதல் மூன்று படிகளுக்கும் பணம் போதாதாயின், நான்காவதை ஒத்திப்போடுவதே நலம். அந்த மூன்றை மட்டும் செய்தாலும் நஷ்டமில்லை; சக்தி கூடாவிடினும், உள்ள சக்தி குன்றாது, எஞ்சின் நெடுநாள் உழைக்கும்.