மூல ஓலையைக் காட்டுங்கள்

வீட்டுக்கடன் கேட்டு வங்கிக்குப் போகும் சிலருக்குத் தங்கள் பெயரில் ஒரு பாக்கி இருப்பது அங்கேதான் முதன்முதலாகத் தெரியவருகிறது. பெரிய தொகையாக இருக்காது. எப்போதோ குடியிருந்த ஊரில், எப்போதோ துண்டித்த தொலைபேசிக்கோ இணைய இணைப்புக்கோ ஆன பில். அது கடன் அறிக்கையில் ஏறி, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, சரியான நேரம் பார்த்துத் தலைகாட்டும்.

புனேயிலிருந்து டெல்லிக்கு மாற்றலாகி வந்த மத்திய அரசு ஊழியர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் பெயரில் இருந்த பாக்கி ரூ.1,847. ஊரைவிட்டுக் கிளம்புமுன் இணைப்பைத் துண்டிக்க எழுதிக்கொடுத்துவிட்டு, நிறுவனத்தின் பெட்டியையும் திருப்பித் தந்துவிட்டுத்தான் வந்திருந்தார். நிறுவனத்தின் கணக்கிலோ இணைப்பு மேலும் இரண்டு மாதம் ஓடியிருக்கிறது. பில் பழைய வீட்டு முகவரிக்குப் போயிருக்கிறது. வங்கி அதிகாரி நல்ல மனிதர். "கட்டிவிட்டு வாருங்கள் சார், 1,847 ரூபாய்க்காக 40 லட்சம் நிற்பானேன்?" என்றார். நண்பர் கட்ட மறுத்தார். பதிவை நீக்கவைக்க அவருக்கு 70 நாட்கள் ஆயின. அதற்குள் அவர் பேசிவைத்திருந்த வீட்டை உரிமையாளர் வேறொருவருக்கு விற்றுவிட்டார்.

அவர் செய்தது வீண் பிடிவாதம் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் நிறுவனத்திடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பாக்கி இருக்கிறது என்கிறீர்களே, அதைக் காட்டுங்கள்.

தமிழ் படித்தவர்களுக்கு இங்கே திருவெண்ணெய்நல்லூர் நினைவுக்கு வரும். சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு ஒரு முதியவர் வந்து, "இவன் எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை இருக்கிறது" என்கிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படி ஓலை. மூல ஓலை முதியவரிடமே இருக்கிறது. வழக்கு சபைக்குப் போகிறது. பெரியபுராணத்தில் நான் மிகவும் ரசிப்பது அந்தச் சபையாரின் நடத்தையைத்தான். வந்தவர் பெரியவர் என்பதற்காக அவர் சொன்னதை அவர்கள் ஏற்கவில்லை. வழக்கத்தாலோ, எழுத்தாலோ, பிறர் சாட்சியாலோ நிரூபிக்கும்படி கேட்கிறார்கள். மூல ஓலை வந்த பிறகும், பாட்டனின் வேறொரு கையெழுத்தை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அதன் பிறகே தீர்ப்பு. வந்தவர் சிவபெருமான். அவரும் ஆவணத்தைக் காட்டித்தான் தம் உரிமையை நிலைநாட்ட வேண்டியிருந்தது.

நம் சாட்சியச் சட்டமும் இதையேதான் சொல்கிறது. ஒன்று உண்டு என்று சொல்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும். 1872ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 101ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டத்தில் 104ஆம் பிரிவு. ஆனால் கடன் அறிக்கையின் உலகத்தில் இந்த முறை தலைகீழாகிவிடுகிறது.

இந்தியாவில் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். இவை 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டப்படி ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் இயங்குகின்றன. வங்கிகள் மட்டுமல்லாமல் தொலைபேசி நிறுவனங்களும் இவற்றுக்குத் தகவல் தருகின்றன. சிபில் அறிக்கையில் கைபேசி, இணைய இணைப்பு, வீட்டுத் தொலைபேசி ஆகியவை தனித்தனிக் கணக்கு வகைகளாகவே இடம்பெறுகின்றன. 300க்கும் 900க்கும் இடையே நமக்குப் போடும் மதிப்பெண் இந்தப் பதிவுகளிலிருந்து பிறப்பது.

பதிவு தவறென்றால் திருத்தக் கோரலாம். 30 நாட்களுக்குள் நடவடிக்கை வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 21ஆம் பிரிவு. கேட்க நன்றாக இருக்கிறது. அதே பிரிவைத் தொடர்ந்து படியுங்கள். சம்பந்தப்பட்ட கடன் நிறுவனம் சரியென்று சான்றளித்தால்தான் திருத்தலாம். நீதிமன்றத்திலோ தீர்ப்பாயத்திலோ நடுவரிடமோ வழக்கு நடந்துகொண்டிருந்தால் திருத்தவே கூடாது; அதுவரை அந்த நிறுவனத்தின் ஏட்டில் இருப்பதே கணக்கு. ஓலையைக் கொண்டுவந்தவரையே சபையின் நாற்காலியில் உட்காரவைத்தால் எப்படி இருக்கும்? இந்தப் பிரிவு அதைத்தான் செய்திருக்கிறது.

மொழிபெயர்ப்பு என் தொழில் என்பதால் அறிக்கையின் சொற்கள் என்னை உறுத்துகின்றன. 'செட்டில்ட்' என்றால் 'தீர்ந்தது' என்றுதான் யாரும் பொருள் கொள்வார்கள். அங்கே அதற்குப் பொருள், முழுத்தொகையைக் கட்டாமல் பேரம்பேசி முடித்தவர் என்பது. வசூல்காரர் தொலைபேசியில் கூப்பிட்டு, "பாதி கட்டுங்கள், செட்டில் செய்துவிடலாம்" என்பார். நிம்மதியாகக் கட்டுபவருக்கு மிஞ்சுவது, அடுத்து வரும் வங்கிகள் எல்லாம் முகம் சுளிக்கும் ஒரு சொல். 'ரிட்டன் ஆஃப்' என்பதும் அப்படித்தான். தள்ளுபடி என்று நாம் நினைப்போம். நிறுவனம் வராக்கடனாக எழுதிவைத்துவிட்டது என்பதே அதன் பொருள். கேட்பதை விட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

இன்னொரு சங்கடம் நம் பெயர்கள். வடக்கே படிவம் நிரப்பும் தமிழனுக்குக் குடும்பப்பெயர் கிடையாது. எஸ். முருகன் ஓரிடத்தில் சுப்பிரமணியன் முருகனாகவும், இன்னோரிடத்தில் முருகன் சுப்பிரமணியனாகவும் ஏறுகிறார். தந்தையும் மகனும் ஒரே பெயர்க்கலவையில், ஒரே முகவரியில் இருந்தால் ஒருவர் பாக்கி மற்றவர் தலையில் விழ வழியுண்டு. அறிக்கையில் பிறந்த தேதி, பான் எண், பழைய முகவரிகள், தொலைபேசி எண்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது அவசியம்.

சரி, என்ன செய்யலாம்? முதலில், கடன் தேவைப்படும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். 2017 முதல் நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. மூன்று மாதத்துக்கு ஒன்றாக வாங்கினால் ஆண்டு முழுவதும் கண்காணித்ததாகும். ஒன்றில் இருக்கும் தவறு மற்றொன்றில் இல்லாமலும் போகலாம்.

தவறு கண்டால் இரண்டு கதவுகளைத் தட்ட வேண்டும். ஒன்று, கடன் தகவல் நிறுவனம். அதன் இணையதளத்திலேயே புகாரைப் பதியலாம். கணக்கே என்னுடையதல்ல என்பது வேறு, கணக்கு என்னுடையது, தொகை தவறு என்பது வேறு. எதுவென்று தெளிவாகச் சொல்லுங்கள். அறிக்கையின் எண்ணையும் குறிப்பிடுங்கள். இரண்டாவது, பாக்கி என்று சொன்ன நிறுவனம். அதற்குத் தொலைபேசியில் பேசிப் பயனில்லை, எழுத்தில் கேளுங்கள். கேட்கவேண்டியவை: இணைப்புக்கு விண்ணப்பித்த படிவம், அதனுடன் தந்த அடையாளச் சான்று, மாதவாரி பில்கள், துண்டிக்கப்பட்ட தேதி, கடைசி பில் எந்த முகவரிக்கு எப்போது அனுப்பப்பட்டது என்பதற்கு ஆதாரம், முன்பணத்தைக் கழித்தார்களா என்ற விவரம். 1,847 என்ற எண் எப்படி வந்தது என்று கேட்கும்போதுதான் பல கணக்குகள் தடுமாறுகின்றன.

பதில் வராவிட்டால் தொலைபேசி நிறுவனங்களுக்குள்ளேயே மேல்முறையீட்டு அதிகாரி உண்டு. டிராயின் 2012 விதிகள் அந்த ஏற்பாட்டைச் செய்தன. புகாரின் பதிவு எண்ணைத் தொலைத்துவிடாதீர்கள். அதற்கும் மேலே நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைபேசிப் பில் தகராறுகளை அங்கே எடுத்துச்செல்லலாமா என்ற நெடுநாள் சந்தேகத்தை 2022 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் 'செல்லலாம்' என்று தீர்த்துவைத்தது. கடன் தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்புத் திட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டன.

2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி இன்னொன்றும் செய்தது. புகார் 30 நாளில் தீராவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்றது. இதில் 21 நாட்கள் தகவல் தந்த நிறுவனத்துக்கு, மீதி கடன் தகவல் நிறுவனத்துக்கு. நல்ல ஆணை. ஆனால் அது வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் கடன் தகவல் நிறுவனங்களுக்கும் எழுதப்பட்டது. தொலைபேசி நிறுவனத்தின் மேலதிகாரி ரிசர்வ் வங்கி அல்ல, டிராய். தகவல் மட்டும் வேலி தாண்டி வந்துவிடுகிறது. பொறுப்பு வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. இத்தகைய பாக்கிக்கு வழக்குப் போடக் காலவரம்புச் சட்டப்படி பொதுவாக மூன்று ஆண்டுகளே அவகாசம். அந்தக் கெடு முடியுமுன் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ, ஒரு பகுதியைக் கட்டி அதை எழுத்தில் பதிந்தாலோ, மூன்று ஆண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆகவே, "தொல்லை விட்டால் போதும்" என்று ஐந்நூறு ரூபாய் அனுப்புவதற்கு முன் யோசியுங்கள். எழுதும் கடிதத்தில் 'என் பாக்கி' என்று எழுதாமல் 'நீங்கள் குறிப்பிடும் தொகை' என்று எழுதுங்கள். கட்டவேண்டிய பாக்கி என்று உறுதியானால் முழுவதையும் கட்டி, நிலுவை இல்லை என்ற சான்றையும் கையோடு வாங்கிவிடுங்கள்.

கணக்குத் தெரிந்தவர்களுக்கும் நேரம் இருப்பவர்களுக்கும் இந்த வழிகள் போதும். மற்றவர்கள் பேசாமல் கட்டிவிடுகிறார்கள். வீட்டை இழக்க அவர்களால் முடியாது. நிறுவனங்களுக்கும் இது தெரியும். 21ஆம் பிரிவில் ஒரு வரி சேர்த்தால் நிலைமை மாறும்: மறுக்கப்பட்ட பாக்கிக்கு 30 நாட்களுக்குள் மூல ஆவணங்களைக் காட்டாவிட்டால் பதிவு தானாக நீங்கிவிட வேண்டும். ஆவணம் வைத்திருக்கும் எந்த நிறுவனத்துக்கும் இதனால் நஷ்டமில்லை. நாடாளுமன்றத்தில் இந்தத் திருத்தத்தை யார் எதிர்க்கிறார்கள் என்று பார்த்தாலே, யாரிடம் ஓலை இல்லை என்பது தெரிந்துவிடும்.