ஆதியாகமத்தைக் காலத்தோடு கற்போம்

ஆதியாகமத்தின் முதற் பதினோரு அதிகாரங்களைக் குறித்துத் தங்கவயல் தமிழரிடையே இரு சாரார் வாதிடுவர். எழுத்துக்கு எழுத்து நடந்த செய்தி என்பர் ஒரு சாரார். வெறுங் கட்டுக்கதை என்று எள்ளுவர் மறு சாரார். அந்நூல் எக்காலத்தில், எவரிடையே, எதனை மறுத்து எழுந்தது என்று இருவருமே வினவுவதில்லை என்பது நம் குற்றச்சாட்டு.

முதற் சாராருக்கு நம் மண்ணே விடை கூறும். 2001-இல் மூடப்பட்ட சுரங்கங்களுள் சாம்பியன் ரீப் 3,000 மீட்டருக்கும் மேல் ஆழமானது. அங்கே நம் முன்னோர் பிளந்த பாறைக்கு வயது ஏறத்தாழ 270 கோடி ஆண்டு. அவர்தம் பேரனிடம் உலகுக்கு வயது ஆறாயிரம் என்று போதிப்பது பொருந்துமோ? கி.மு. 4004 என்னும் கணக்கு வேதாகமத்தில் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துப் பேராயர் அஷர் கூட்டிக் கண்டது அது.

மறு சாராரிடமே நமக்கு வழக்கு மிகுதி. 1872-இல் ஜார்ஜ் ஸ்மித் என்பார் களிமண் ஏடொன்றில் பாபிலோனிய வெள்ளக் கதையைப் படித்தறிந்தார். அன்றுமுதல் 'காப்பியடித்தது' என்பதே இவர்தம் பல்லவி. கதை பொதுவானதே, சொன்ன நோக்கம் வேறு. அத்ரகாசிஸ் என்னும் பாபிலோனியக் காவியத்தில், கால்வாய் வெட்டி அலுத்த சிறு தெய்வங்கள் கலகம் செய்கின்றன. அவற்றின் சுமையை ஏற்கவே மனிதன் படைக்கப்படுகிறான். பின்னர் அவன் பெருகி எழுப்பிய இரைச்சல் தாளாது வெள்ளம் விடப்படுகிறது. (இன்றைய முதலாளிமாரும் இரைச்சலைத்தான் முதலில் வெறுப்பர்!) ஆதியாகமத்திலோ வெள்ளத்துக்குக் காரணம் பூமியில் நிறைந்த கொடுமை. அந்நாடுகளில் தெய்வச் சாயல் என்பது அரசனுக்குரிய பட்டம். முதல் அதிகாரம் அதனை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக்கியது. பாபிலோனில் சிறைப்பட்ட யூதரிடையே அவ்வதிகாரம் உருப்பெற்றது என்று அறிஞர் பலர் கருதுவர். அடிமைப்பட்டோர் அரசனின் பட்டத்தைத் தமதென்று உரைத்தனர் என்றால், பாறை பிளந்தோர் வழிவந்த நமக்கு இதனினும் நெருங்கிய செய்தி யாதுளது?

காலம் அறியாது கற்பதன் தீங்கும் சிறிதன்று. ஒன்பதாம் அதிகாரத்தில் நோவா சபிப்பது கானானை, காமை அன்று. இஸ்ரவேலர் கானானியரை வென்றதற்கு நியாயம் கூறும் பகுதி அது. அதனையே கறுப்பின மக்கள்மீது ஏற்றி அமெரிக்காவில் அடிமை முறைக்கு அரண் செய்தனர். பிறப்பால் இழிவு என்னும் சொல்லின் சூட்டை நம் ஊர் அறியாததா?

புராணங்களை வரலாற்றுக் கண்கொண்டு, எவர் நலனுக்கு எழுந்தவை என்று வினவிக் கற்றவர் அயோத்திதாசப் பண்டிதர். அவர்தம் நூல்கள் இவ்வூர்ச் சித்தார்த்த புத்தகசாலையின் வழி அச்சேறின. அத்தகைய ஊரில், 'இது எப்பொழுது எழுதப்பட்டது?' என்று கேட்கும் பிள்ளையை ஞாயிறு பள்ளியில் அதட்டி அமர்த்துவதை நாம் ஏற்கோம். அதட்டும் பெரியோர், காயீனுக்கு மனைவி எங்கிருந்து வந்தாள் என்று முதலில் சொல்லட்டும், பிறகு அதட்டலாம்.